மூன்று வில்லை வேதமும் கடனாளியாகும் படப்பிடிப்பாளர்களும்

மிரர்லெஸ் கமராவுக்கு மாறுவது பற்றி அண்மைக்காலமாக என்னிடம் பேசுகின்ற இளம் செய்தியாளர்களும் படப்பிடிப்பாளர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியையே கேட்கிறார்கள். எந்தக் கமராவை வாங்கலாம்? வில்லைகள், அதாவது வழக்கில் நாம் லென்ஸ் என்று சொல்பவை, பற்றி அவர்கள் கேட்பதில்லை. அந்த விடயம் எப்போதோ தீர்மானிக்கப்பட்டுவிட்டதாக அவர்கள் கருதுகிறார்கள். 16-35, 24-70, 70-200 மில்லிமீற்றர் ஸூம் வில்லைகள் மூன்று. மூன்றும் எப் 2.8 துவாரம் கொண்டவை. இவற்றைப் பரிசுத்த திரித்துவம் என்று ஆங்கிலத்தில் தொழில்துறையினர் அழைப்பது வழக்கம். கடைக்காரர் அதைச் சொல்கிறார். யூடியூப்பில் பேசுகின்றவர் அதைச் சொல்கிறார். கல்யாணப் படப்பிடிப்பில் மூத்தவராக இருக்கும் அண்ணரும் அதையே சொல்கிறார். பெயரில் மாத்திரமல்ல, நடைமுறையிலும் இது ஒரு வேதமாகிவிட்டது. பழைய வில்லைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, புதிய கமராவுடன் இந்த மூன்றையும் வாங்காதவர் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அல்ல என்ற எண்ணம் ஊன்றப்பட்டிருக்கிறது.

இந்த ஆலோசனை தவறானது என்பதுடன், நமது நாட்டின் சூழ்நிலையில் அது பொறுப்பற்றதும் கூட என்பதே எனது அபிப்பிராயம்.

வேதத்தை எழுதியவர்கள் யார் என்பதை முதலில் பார்க்கவேண்டும். பெரிய செய்தி நிறுவனங்களிலும் சஞ்சிகைகளிலும் சம்பளத்துக்குப் பணியாற்றிய படப்பிடிப்பாளர்களின் பைகளில் இருந்தவையே இந்த வில்லைகள். அவற்றில் பெரும்பாலானவற்றை நிறுவனங்களே வாங்கிக் கொடுத்தன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2020 ஜூலையில் தனது படப்பிடிப்பாளர்களுக்கு இனிமேல் சோனி கமராக்களையும் வில்லைகளையுமே வழங்கப்போவதாக அறிவித்தது. அந்த மாற்றத்துக்காக அதன் ஊழியர் எவரும் மனைவியின் தாலிக்கொடியை அடகுக்கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. முல்லைத்தீவில் இருந்தோ மூதூரில் இருந்தோ படம் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் அனுப்பிக்கொண்டிருக்கும் பிராந்திய நிருபரின் கதை வேறு. அவருக்கு வாகனச் செலவைக் கூடத் தராத பத்திரிகைகள் இருக்கின்றன. கமரா அவரது சொந்தப் பணம், வில்லை அவரது சொந்தக் கடன். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டதை அடுத்து சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை சென்றதையும், பின்னர் இறங்கியும் 300 ரூபாவை அண்டியே நிற்பதையும் அவரது சந்தாதாரர்கள் உணர்ந்த அளவுக்கு அவரது பத்திரிகை முதலாளிகள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. படத்துக்கான கொடுப்பனவு டொலருடன் சேர்ந்து உயரவில்லை. இறக்குமதி செய்யப்படும் வில்லையின் விலை உயர்ந்தது.

செலவை ஒருபுறம் வைத்துவிட்டு, தொழில்நுட்ப நியாயத்தையே எடுத்துக்கொள்வோம். எப் 2.8 ஏன் அவசியமானதாக இருந்தது? முன்னைய எஸ்.எல்.ஆர். கமராக்களில் வில்லையின் ஊடாக வருகின்ற ஒளியை உள்ளே இருந்த ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பி, படப்பிடிப்பாளரின் கண்ணுக்கு அனுப்பியது. வில்லையின் துவாரம் சிறியதாக இருந்தால் வியூபைண்டரில் தெரிகின்ற காட்சியே இருண்டுவிடும். மங்கிய மண்டபத்தில் எதை எடுக்கிறோம் என்பதே தெரியாது. அடுத்தது, தானாகக் குவியப்படுத்தும் பொறிமுறை. அதற்கென ஒளியின் ஒரு பகுதி கமராவின் அடிப்பகுதியில் இருந்த தனியான உணரிகளுக்குப் போனது. பெரும்பாலான கமராக்களில் வில்லையின் துவாரம் எப் 5.6 ஐ விடச் சிறியதானால் அந்த உணரிகள் வேலை செய்யா. சிறந்த சில கமராக்களில் எப் 8 வரை தாக்குப்பிடித்தன. அவற்றில் மிகத் துல்லியமானவை எப் 2.8 வில்லையையே எதிர்பார்த்தன. மூன்றாவது காரணம் பிலிம். பத்திரிகைக்காரர்கள் 400 ஐ.எஸ்.ஓ. பிலிமை 1600 வரை இழுத்துக் கழுவி, மணல் தூவியது போன்ற படத்தை அச்சுக்கு அனுப்பிய காலத்தில் ஒரு படி ஒளி கூடுதலாகக் கிடைப்பது பெரிய விடயம்.

மிரர்லெஸ் கமரா வந்தவுடன் இந்தக் காரணங்களில் முதல் இரண்டும் ஏறத்தாழ இல்லாமற்போய்விட்டன. கண்ணாடி இல்லை. வியூபைண்டரில் நாம் பார்ப்பது மின்திரையில் தோன்றும் படம். துவாரம் சிறியதானாலும் கமரா அதை வெளிச்சமாக்கிக் காட்டும். குவியப்படுத்துவதும் படத்தைப் பதிவு செய்கின்ற அதே சென்சரிலேயே நடைபெறுகிறது. கெனன் கம்பனி 2020 ஆம் ஆண்டில் 600 மில்லிமீற்றரிலும் 800 மில்லிமீற்றரிலும் எப் 11 துவாரம் கொண்ட இரு வில்லைகளை வெளியிட்டது. அவை தாமாகவே குவியப்படுத்துகின்றன. எஸ்.எல்.ஆர். காலத்தில் இப்படியொன்றை எவரும் கற்பனை செய்திருக்கமாட்டார்கள். மூன்றாவது காரணமான ஒளியுணர்திறனைப் பொறுத்தவரை, எப் 2.8 இல் இருந்து எப் 4 க்குப் போவதனால் இழக்கப்படுவது பாதி ஒளி. 3200 ஐ.எஸ்.ஓ.வில் எடுத்ததை 6400 இல் எடுக்கவேண்டும், அவ்வளவே. இன்றைய முழுச்சட்டகச் சென்சரில் 6400 இல் எடுத்த படத்தைப் பத்திரிகைத் தாளில் நான்கு பத்திக்கு அச்சிட்டால் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாசகர் எவரையும் நான் சந்தித்ததில்லை. கைத்தொலைபேசியில் வட்ஸ்அப் நசுக்கி அனுப்பும் படத்தில் அதைத் தேடுவது வீண் வேலை.

ஆனால் பழைய காரணங்கள் மறைந்த பின்னரும் பழைய விலைப்பட்டியல் மறையவில்லை. கமராவின் உடல் சிறுத்துப் போனது என்று விளம்பரம் செய்பவர்கள், எப் 2.8 வில்லைகளின் விலை சிறுக்கவில்லை என்பதைச் சொல்வதில்லை. நிக்கொனின் புதிய இஸட் வரிசையில் 24-70 எப் 2.8 இன் முதற் பதிப்பு 805 கிராம். அதே வரிசையின் 24-120 எப் 4 வில்லை 630 கிராம். இரண்டாவது வில்லை விலையிலும் குறைவு, எட்டும் தூரத்திலும் கூடுதல். ஊர்வலத்தின் முன்னால் பின்நோக்கி நடந்துகொண்டே படம் எடுக்கின்றவருக்கு இரண்டில் எது உதவும் என்பதை அனுபவம் உள்ளவர்களே சொல்லட்டும்.

பெரிய துவாரம் எங்கும் தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. நகருகின்ற மனிதரை மங்கிய வெளிச்சத்தில் எடுப்பதற்கு அது வேண்டும். பரதநாட்டிய அரங்கேற்றம் ஒன்றைக் கவனியுங்கள். பிளாஷ் பாவிக்க ஆசிரியை அனுமதிக்கமாட்டார். மேடையில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் மாறிக்கொண்டிருக்கும். பிள்ளை சுழன்று முத்திரை பிடிக்கும் கணத்தை உறையவைக்க ஒரு செக்கனின் 500 இல் ஒரு பங்கு நேரமாவது ஷட்டர் வேகம் வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மண்டபம் எடுத்து நடத்தப்படும் அரங்கேற்றங்களைப் படம் பிடிக்கின்ற எமது பிள்ளைகளுக்கு இது நன்கு தெரியும். அங்கேதான் திரித்துவம் கைவிடுகிறது. எப் 2.8 அங்கு போதாது. பல மடங்கு மலிவான 85 மில்லிமீற்றர் எப் 1.8 வில்லை ஒன்று, எப் 2.8 ஸூம் வில்லையை விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. எப் 4 ஸூம் ஒன்றும் எப் 1.8 வில்லை ஒன்றும் வைத்திருப்பவர், திரித்துவத்தின் ஒரு வில்லைக்குரிய பணத்துடன் பகல் வேலை, இரவு வேலை இரண்டையும் முடித்துவிடலாம். நடுவில் நிற்கின்ற எப் 2.8, ஒளிக்கு எப் 1.8 இடமும் எடைக்கு எப் 4 இடமும் தோற்கிறது. நாள் முழுவதும் மண்டபத்துக்குள்ளேயே நிற்கின்ற, வில்லை மாற்ற நேரமில்லாத கல்யாணப் படப்பிடிப்பாளருக்கு 24-70 எப் 2.8 பொருந்தலாம். அவருக்கும் அந்த ஒன்றே போதும், மூன்றும் வேண்டியதில்லை.

கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்ற ஒரு விடயத்தை இங்கு குறிப்பிடவேண்டும். கை நடுக்கத்தை ஈடுசெய்கின்ற பொறிமுறை இப்போது பல கமராக்களின் உள்ளே சென்சருடன் சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. கெனனின் ஆர் 8, ஆர் 10, ஆர் 50 ஆகியவற்றிலும் சோனியின் ஏ 6400 இலும் அது கிடையாது. நம்மவர்கள் வாங்கக்கூடிய விலையில் இருப்பவையோ பெரும்பாலும் இத்தகையவையே. அந்த உடலில், நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி இல்லாத வில்லையையும் பொருத்தினால் மங்கிய வெளிச்சத்தில் மெதுவான ஷட்டரில் எடுக்கும் படம் ஆடிப்போகும். தமரோன் 2018 இல் சோனிக்காக வெளியிட்ட 28-75 எப் 2.8 வில்லை 550 கிராம் எடையுள்ள அருமையான பொருள். அதில் இந்த வசதி இல்லை. உடலை ஒருநாளும் வில்லையை இன்னொருநாளும் தனித்தனியாகத் தெரிவு செய்பவர்கள் இந்தப் பொறியில் விழுகிறார்கள்.

அடுத்தது பழைய வில்லைகளின் கதை. இதில் நடைபெறுகின்ற அநியாயமே என்னை எழுதத் தூண்டியது. பழைய கமராவையும் வில்லைகளையும் கொடுத்துவிட்டுப் புதியதை எடுங்கள் என்று கூறும் வியாபாரி, அந்த வில்லைகள் புதிய உடலில் வேலை செய்யமாட்டா என்ற தோற்றத்தை ஏற்படுத்துகிறார். உண்மை என்ன? கண்ணாடி அசைவதற்கு இடம் தேவைப்பட்டதால் கெனனின் இ.எப். கமராக்களில் வில்லை பொருந்தும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடையே 44 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தது. 2018 இல் வந்த ஆர்.எப். மவுண்டில் அது 20 மில்லிமீற்றர். நிக்கொனில் 46.5 ஆக இருந்தது, அதே ஆண்டில் வந்த இஸட் மவுண்டில் 16 ஆகியது. மிச்சமான இடைவெளியை நிரப்புகின்ற ஒரு குழாயே அடப்டர் எனப்படுவது. வழமையான அடப்டரினுள் கண்ணாடி எதுவும் இல்லை. மின் இணைப்புகள் மாத்திரமே உண்டு. எனவே படத்தின் தரம் குறைவதற்கு அதில் எதுவுமில்லை. கெனனின் இ.எப். வில்லைகள் அந்தக் கம்பனியின் அடப்டருடன் புதிய உடலில் முழுமையாக வேலை செய்கின்றன. சென்சரிலேயே குவியப்படுத்தப்படுவதால் பழைய உடலில் சற்று முன்னாலோ பின்னாலோ குவிந்து தொல்லை கொடுத்த வில்லைகள் கூடப் புதிய உடலில் ஒழுங்காகக் குவிவதுண்டு.

நிக்கொன் பாவனையாளர்கள் மாத்திரம் ஒரு விடயத்தில் கவனமாக இருக்கவேண்டும். கெனன் 1987 இல் தனது பழைய எப்.டி. மவுண்டைக் கைவிட்டு இ.எப். மவுண்டுக்கு மாறியது. குவியப்படுத்தும் மோட்டார் ஒவ்வொரு வில்லையின் உள்ளேயும் வைக்கப்பட்டது. பழைய வில்லைகள் பயனற்றுப்போனதால் படப்பிடிப்பாளர்கள் அன்று கொதித்தெழுந்தார்கள். 1959 இல் தொடங்கிய எப் மவுண்டைக் கைவிடாமல் வைத்திருந்த நிக்கொனோ மோட்டாரைக் கமராவின் உடலில் வைத்தது. அந்த விசுவாசத்தின் விலையை இன்று ஏ.எப்.-டி. வகை வில்லை வைத்திருப்பவர்கள் கொடுக்கிறார்கள். நிக்கொனின் எப்.டி.இஸட். அடப்டரில் மோட்டார் இல்லை. எனவே நமது பத்திரிகைக்காரர் பலரும் பாவித்த 80-200 எப் 2.8 டி வில்லையும், மலிவான 50 எப் 1.8 டி வில்லையும் புதிய உடலில் கையாலேயே குவியப்படுத்தப்பட வேண்டியவை. அதற்காக அவற்றை எறியவேண்டும் என்றில்லை. காட்சியைப் பெருப்பித்துக் காட்டுகின்ற மின் வியூபைண்டரில் கையால் குவியப்படுத்துவது முன்னரை விட இலகு. அசையாத பொருட்களுக்கும் உருவப்படங்களுக்கும் அது போதும், உதைபந்தாட்டத்துக்குப் போதாது. வில்லையினுள்ளேயே மோட்டார் கொண்ட ஏ.எப்.-எஸ். வகைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. வில்லையின் மீது எழுதப்பட்டிருக்கும் எழுத்துக்களை வாசித்துவிட்டு விற்பது பற்றி யோசியுங்கள்.

மவுண்ட் என்பது ஒரு வளையம் மாத்திரமே என்று எண்ணுபவர்கள், கம்பனிகளைப் பொறுத்தவரை அது ஒரு வேலி என்பதைப் புரிந்துகொள்ளவில்லை. கெனன் 2012 இல் அறிமுகப்படுத்திய இ.ஓ.எஸ். எம் வரிசையை 2023 அளவில் கைவிட்டது. அந்த மவுண்டின் இடைவெளி 18 மில்லிமீற்றர். அதற்கென வாங்கிய வில்லைகளை 20 மில்லிமீற்றர் ஆர்.எப். உடலில் அடப்டர் வைத்தும் பாவிக்க முடியாது. நிக்கொன் 2011 இல் தொடங்கிய நிக்கொன் 1 வரிசை 2018 இல் முடிந்தது. சாம்சங்கின் என்.எக்ஸ். வரிசையும் சில ஆண்டுகளிலேயே அனாதையானது. இவற்றை வாங்கியவர்கள் முட்டாள்கள் அல்லர். கடையிலும் விளம்பரத்திலும் சொல்லப்பட்டதை நம்பியவர்கள்.

எனவே, ஒரு மவுண்டுக்கு வேறு கம்பனிகளின் வில்லைகள் எந்தளவுக்குக் கிடைக்கின்றன என்பதே குறைந்த வருமானமுள்ளவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி. சோனி தனது இ மவுண்டின் அடிப்படை விபரங்களை 2011 இல் ஏனைய தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. சிக்மா, தமரோன் தொடக்கம் சீனக் கம்பனிகள் வரை அதற்கு மலிவான வில்லைகளைச் செய்வது அதனாற்றான். சோனியும் தர்மஸ்தாபனம் அல்ல. அதன் அதிவேகக் கமராக்களில் பிற கம்பனி வில்லைகள் செக்கனுக்கு 15 படங்களுக்கு மேல் எடுக்கமுடியாதவாறு கட்டுப்படுத்தப்பட்டிருக்கின்றன. லைக்கா, பனசொனிக், சிக்மா ஆகியவை 2018 இல் எல் மவுண்டைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டன. கெனன் எதிர்த்திசையில் சென்றது. ஆர்.எப். மவுண்டுக்குத் தானாகக் குவியும் வில்லைகளைச் செய்த சீனாவின் வில்ட்ரொக்ஸ் கம்பனி 2022 இல் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. தனது காப்புரிமை மீறப்பட்டதாகக் கெனன் கூறியது. 2024 ஏப்ரலில் சிக்மாவுக்கும் தமரோனுக்கும் அனுமதி கிடைத்தபோதும், அன்று அறிவிக்கப்பட்டவை அனைத்தும் சிறிய ஏ.பி.எஸ்.-சி சென்சர் கமராக்களுக்கான வில்லைகளே. காப்புரிமையைப் பாதுகாப்பது சட்டத்தில் கம்பனியின் உரிமை என்பதை மறுக்கமுடியாது. அந்த வேலிக்குள் போகாமல் இருப்பது வாங்குபவரின் உரிமை. அல்லது போய், அடப்டருடன் பாவித்த இ.எப். வில்லைகளைக் கொண்டு காலத்தை ஓட்டலாம். பலரும் புதியதற்கு மாறுவதால் அவை பாவித்த பொருள் சந்தையில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் இருக்கின்ற மருமகனுக்குக் கமரா அனுப்ப விரும்பினால் அவனிடம் என்ன வில்லைகள் இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். பொருந்தாத மவுண்டில் வருகின்ற விலையுயர்ந்த உடல் ஒன்று அவனுக்கு உதவியாக வருவதில்லை, புதிய கடனாகவே வந்துசேருகிறது. அவனிடம் இருக்கின்ற உடலுக்கேற்ற எப் 1.8 வில்லை ஒன்று, விலையில் சிறியதானாலும், அடுத்த வாரமே அவனுக்கு உழைத்துக் கொடுக்கும்.

புதிய வில்லைகள் பழையவற்றை விடக் கூர்மையானவை என்ற வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். விசேடமாகப் படத்தின் ஓரங்களில் அது தெளிவாகத் தெரியும். ஆனால் செய்திப் படத்தின் ஓரத்தை ஆசிரிய பீடம் வெட்டி எறிந்துவிடுகிறது என்பதை அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன்.

எதை வாங்குவது என்பதற்கு விடை உங்கள் கணினியிலேயே இருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளில் பிரசுரமான, அல்லது பணம் பெற்றுத் தந்த படங்களை மாத்திரம் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு படக் கோப்பிலும் அது எந்தக் குவியத் தூரத்தில், எந்தத் துவாரத்தில் எடுக்கப்பட்டது என்பது பதியப்பட்டிருக்கும். பெரும்பாலானவை 35 க்கும் 100 க்கும் இடையில் இருந்தால், 16-35 வில்லைக்குக் கடன்படுவதற்கு நியாயம் இல்லை. எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நல்லூர்த் தேரன்று மணல் வீதியில், சனக்கூட்டத்தின் நடுவே வில்லையைக் கழற்றினால் மிரர்லெஸ் கமராவின் சென்சர் பெரும்பாலும் திறந்தபடியே தூசிக்கு முகம் கொடுக்கும்; முன்னால் நின்று மறைத்த கண்ணாடி இப்போது இல்லை. அங்கு ஒரே ஸூமுடன் நாளை முடிப்பதே புத்தி. நமது காலநிலையில் பாவிக்காமல் வைத்திருக்கும் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைக்க வசதியில்லாதவர், மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கும் வில்லையை வாங்காமல் விடுவதே நல்லது. தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கலாம், நண்பரிடம் இரவல் வாங்கலாம்.

கடைக்குப் போகும்போது பழைய வில்லைகளையும் ஒரு சிறிய டோர்ச் லைட்டையும் கொண்டுபோங்கள். அடப்டருடன் உங்கள் வில்லையைப் புதிய உடலில் பொருத்தி, கடை வாசலில் போகின்ற முச்சக்கர வண்டிகளை எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். பாவித்த வில்லையை வாங்குவதானால் துவாரத்தை முழுமையாகத் திறந்து, பின்புறத்தில் இருந்து டோர்ச்சை அடித்து, உள்ளே நூல் போன்ற பூஞ்சணமோ புகை போன்ற மங்கலோ தெரிகிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு இடம் கொடுக்காத கடையில் தேநீர் தந்தாலும் பேரம் பேசவேண்டாம்.